பாட்டி வேலையும் நம்ம வேலைதான்

போன இதழ்ல வேற ஒருத்தரோட கேள்விக்கு பதில் எழுதுறப்போ, போற போக்குல "நானே 45 வயசுல தான் முதல்முறையா அப்பா ஆனேன், அதுவும் ஜெர்மனில உக்காந்துகிட்டு"ன்னு ஒரே ஒரு வரி எழுதி வச்சேன், அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு சத்தியமா நினைக்கல. முக்கால்வாசி பேர் நாப்பதைத் தாண்டினவங்க. அதுலயும் நிறைய பேர் பேர் போடாதீங்கன்னு கேட்டிருக்காங்க, என்னமோ தப்பு பண்ணிட்ட மாதிரி. அதனால இந்த தடவை முழுக்க இதுதான். வீட்டு லோன், வரி கேள்வி அனுப்பினவங்க ஒரு மாசம் பொறுத்துக்கங்க.

கேள்வி: சார் வணக்கம். எனக்கு 46, மனைவிக்கு 38. ரெண்டு தங்கச்சி கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் முடிச்சு எனக்கு கல்யாணம் ஆகும்போதே 39, ஆன கையோட ஜெர்மனி வந்துட்டோம், ஸ்டுட்கார்ட் பக்கம் ஏழு வருஷம் ஓடிப்போச்சு, போன வருஷம்தான் பி.ஆர்., அதான் நிரந்தரமா தங்கற அனுமதி, கிடைச்சுது. குழந்தைக்காக ஊர்லயும் இங்கயும் பாக்காத டாக்டர் இல்ல, சரி விட்டுடலாம்னு நினைச்சப்போ இப்போ அஞ்சாம் மாசம். சந்தோஷமா இருக்க வேண்டிய நேரத்துல எனக்கு ராத்திரி தூக்கம் வரல. புள்ள காலேஜ் முடிக்கும்போது நான் 67, 68. கூடப் படிச்சவன் பொண்ணுக்கு போன மாசம் கல்யாணமே ஆயிடுச்சு. இன்னொண்ணு, மாமியாருக்கு மூணு மாசம்தான் விசாவாம், எப்போ வரவழைக்கறது? ஆபீஸ்ல எவ்ளோ லீவு கேக்கலாம், கேட்டா இந்த வயசுல வேலைக்கு ஆபத்து வருமா?
(பெயர் வேண்டாம், ஸ்டுட்கார்ட்)

பதில்: மொதல்ல வாழ்த்துக்கள். உங்க கடிதத்துல டாக்டர் வர்றார், தங்கச்சி வர்றாங்க, விசா வருது, யாராவது உங்களுக்கு வாழ்த்து சொன்னாங்களான்னு தேடிப் பாத்தேன், காணோம்.

அந்த வயசுக் கணக்கு இருக்கே, அதை நானும் போட்டவன்தான். ஆஸ்பத்திரி பார்க்கிங் சீட்டுக்குப் பின்னாடி பேனாவால எழுதினேன், பொண்ணு ஸ்கூல் சேரும்போது 51, பத்தாவது போகும்போது 60ன்னு. கணக்குல தப்பே இல்ல, ஆனா ராத்திரி மூணு மணிக்கு அதை வச்சுகிட்டு என்ன பண்றது? பகல்ல பண்ணக்கூடியது ரெண்டு இருக்கு. ஒண்ணு, டேர்ம் இன்சூரன்ஸ், சர்க்கரை பி.பி. ஏதாவது வந்து பிரீமியம் ஏறுறதுக்குள்ள எடுத்துடுங்க. ரெண்டாவது யாரும் பேச விரும்பாத விஷயம், உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணா ஏதாவது ஆனா குழந்தை யார்கிட்ட வளரணும்னு உயில் மாதிரி எழுதி வைக்கறது. எழுதி வைக்கலன்னா இங்க கோர்ட்டுதான் முடிவு பண்ணும், உங்க தங்கச்சி ஊர்ல இருக்காங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? முழுக்க உங்க கையாலயே எழுதி தேதி போட்டு கையெழுத்து போடணும், டைப் அடிச்சு கையெழுத்து மட்டும் போட்டா செல்லாது. நான் அதை எழுதின அன்னிக்குதான் ஒழுங்கா தூங்கினேன்.

உடம்பு விஷயம் நீங்க கேக்கல, ஆனா போன்ல தேடாம இருந்திருக்க மாட்டீங்க. வயசான அப்பான்னா ரிஸ்க்கே இல்லன்னு சொன்னா பொய். 2012ல ஐஸ்லாந்துல பண்ண ஆராய்ச்சியில அப்பாவோட வயசு ஒவ்வொரு வருஷம் கூடவும் குழந்தையோட மரபணுவுல சராசரியா ரெண்டு புது மாற்றம் கூடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதுல பெரும்பாலானது ஒண்ணும் பண்ணாது. ஆட்டிசம் மாதிரி சிலதுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதுன்னு சொல்றாங்க, கூடினாலும் சின்ன எண்ணு சின்ன எண்ணாதான் இருக்கு. இங்க 35 தாண்டின அம்மான்னாலே கர்ப்ப காலப் புத்தகத்துல, அதான் முட்டர்பாஸ், ரிஸ்க்னு டிக் போட்டுடுவாங்க, அதைப் பாத்து வீட்டம்மா பயந்தாங்கன்னா அது வயசுக்கான டிக் மட்டும்தான்னு சொல்லுங்க. 24லேர்ந்து 28 வாரத்துக்குள்ள சர்க்கரை டெஸ்ட் வரும், அதை மட்டும் தள்ளிப் போடாதீங்க, நம்ம ஆளுங்களுக்கு கர்ப்பத்துல சர்க்கரை வர்றது இங்கத்தவங்களை விட அதிகம். அப்புறம் வயசு வயசுங்கறீங்களே, இந்த ஊர்ல குழந்தை பொறக்கும்போது அப்பாவோட சராசரி வயசே 34 தாண்டிடுச்சு, பார்க்ல போய் நில்லுங்க, உங்க வயசுல நாலு பேர் வண்டி தள்ளிகிட்டு இருப்பாங்க.

இப்போ என் மனசுல இருக்கறதைச் சொல்றேன். வயசைவிட பெரிய வித்தியாசம் வேற ஒண்ணு. ஊர்ல 28 வயசுல அப்பா ஆகுறவனுக்கு என்ன வேலை? வளைகாப்பு முடிஞ்சதும் பொண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போயிடுவா. இவன் ஞாயித்துக்கிழமை ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டு பஸ் ஏறிப் போவான், குழந்தையை மடியில அஞ்சு நிமிஷம் வச்சிருப்பான், அது சட்டையை நனைக்கும், எல்லாரும் சிரிப்பாங்க, திருப்பிக் குடுத்துட்டு விருந்து சாப்பிட்டு வந்துடுவான். குளிப்பாட்டுறது, ஏப்பம் விட வைக்கறது, ராத்திரி தோள்ல போட்டு நடக்கறது, பெத்தவளுக்குப் பூண்டுக் குழம்பு வச்சுக் குடுக்கறது எல்லாம் ஒரு பாட்டி, ஒரு பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்கன்னு ஒரு படையே பாத்துக்கும். இங்க அந்தப் படை கிடையாது, உங்க தலையிலதான். அதுக்கு 46 ஒண்ணும் கெட்ட வயசு இல்ல, ஆபீஸ்ல நமக்கு நிரூபிக்க ஒண்ணும் மிச்சம் இல்ல, முதுகு மட்டும்தான் ஒத்துழைக்காது.

லீவு "கேக்கறது"ன்னு எழுதியிருக்கீங்க, இங்க அது கேக்கறது இல்ல, சொல்றது. எல்டர்ன்சைட்னு பேர், அப்பாவுக்கும் மூணு வருஷம் வரைக்கும் உரிமை இருக்கு, கம்பெனி மாட்டேன்னு சொல்ல முடியாது. ஏழு வாரத்துக்கு முன்னாடி தெரியப்படுத்தணும். ஆனா இதுல ஒரு நுணுக்கம், வேலையை விட்டுத் தூக்க முடியாதுங்கற பாதுகாப்பு லீவு ஆரம்பிக்க எட்டு வாரம் இருக்கும்போதுதான் தொடங்குது. நல்ல பேர் எடுக்கலாம்னு நாலு மாசம் முன்னாடியே எழுத்துல குடுத்துட்டா நடுவுல உங்களுக்குப் பாதுகாப்பு இல்ல. அதனால வாயால மேனேஜர்கிட்ட சொல்லி வைங்க, எழுத்துல எட்டாவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் நடுவுல குடுங்க, டியூ தேதியை வச்சு எண்ணினாப் போதும்.

அந்த லீவுல அரசாங்கம் குடுக்கற பணத்துக்குப் பேர் எல்டர்ன்கெல்ட். சம்பளத்துல கையில வர்றதுல ஏறக்குறைய 65 சதவீதம், ஆனா மாசம் 1800 யூரோவுக்கு மேல கிடையாது, உங்க சம்பளத்துக்கு கண்டிப்பா கைக்கடி இருக்கும், இப்போலேர்ந்தே சேத்து வைங்க. ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு மாசமாவது எடுத்தா மொத்தம் 14 மாசம் வரும். எங்களுக்குப் பொறந்தப்போ ரெண்டு பேரும் சேந்தே முதல் ரெண்டு மாசம் வீட்டுல இருந்தோம், இப்போ அது நடக்காது, 2024 ஏப்ரல்லேர்ந்து பொறக்கற குழந்தைக்கு முழு எல்டர்ன்கெல்டோட ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கறது முதல் வருஷத்துல ஒரே ஒரு மாசம்தான், இரட்டைக் குழந்தை மாதிரி சிலருக்கு மட்டும் விலக்கு. அதனால நீங்க முதல் மாசம் ஒண்ணு, பதிமூணாவது மாசம் ஒண்ணுன்னு எடுங்க. பதிமூணாவது ஏன்னா அப்போதான் கீட்டா, அதான் குழந்தைங்க காப்பகம், ஆரம்பிக்கும், பழகுற வரைக்கும் பெத்தவங்க ஒருத்தர் வாரக்கணக்கா அங்கயே சின்ன நாற்காலில உக்காந்திருக்கணும். (ஒரு வயசு ஆனா இடம் கேக்க சட்டப்படி உரிமை இருக்கு, உரிமை இருக்குங்கறதுக்காக இடம் இருக்கும்னு அர்த்தம் இல்ல, இப்போவே பேர் குடுங்க.)

நான் மாட்டின இடம் ஒண்ணு. எல்டர்ன்கெல்ட் மாசம் காலண்டர் மாசம் இல்ல. குழந்தை 17ஆம் தேதி பொறந்தா மாசம் 17லேர்ந்து அடுத்த 16 வரைக்கும். நான் புத்திசாலித்தனமா ஒண்ணாம் தேதிலேர்ந்து முப்பதாம் தேதின்னு ஃபாரம்ல எழுதி, பாதி பாதியா ரெண்டு மாசத்துல விழுந்து, அதைத் திருத்த ஹெச்.ஆர். பொண்ணுகிட்ட நாலு தடவை போய் நின்னேன். விண்ணப்பமும் குழந்தை பொறந்து மூணு மாசத்துக்குள்ள போயிடணும், மூணு மாசத்துக்கு மேல பின்தேதிக்குப் பணம் வராது.

மாமியார் விஷயம். ஷெங்கன் விசா 180 நாள்ல 90 நாள், வந்து இறங்குற நாளும் கிளம்புற நாளும் அதுல சேரும். நம்ம ஆளுங்க பண்ற தப்பு, எட்டாம் மாசமே வரவழைச்சுடறது. அவங்க வந்து ஒன்றரை மாசம் பால்கனில உக்காந்து குளுருதுன்னு சொல்லிகிட்டு இருப்பாங்க, குழந்தைக்கு நாப்பது நாள் ஆகி நிஜமா கை தேவைப்படும்போது திரும்புற டிக்கெட் வந்துடும். என் கணக்கு, முதல் பத்து நாளைக்கு தினமும் வேணும்னாலும் வீட்டுக்கே வர ஹெபாமே இருக்காங்க, அதாவது மருத்துவச்சி, இன்சூரன்ஸே காசு குடுத்துடும். முதல் மாசம் நீங்களும் வீட்டுல. அப்போ மாமியார் மூணாவது வாரம் வந்தா நீங்க ஆபீஸ் போற அன்னிக்கு வீட்டுல ஆள் இருக்கும், நாலாம் மாசம் வரைக்கும் ஓடும். ஆனா உங்க மனைவி பிரசவ நேரத்துல எங்கம்மா பக்கத்துல வேணும்னு சொன்னா என் கணக்கைத் தூக்கிக் கடாசிட்டு டியூ தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி டிக்கெட் போடுங்க. ஹெபாமேவை மட்டும் இன்னிக்கே தேடுங்க, அஞ்சாம் மாசமே லேட்டு.

அவங்க பெட்டியில நெய் வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. பால் பொருளும் கறியும் ஐரோப்பாவுக்குள்ள வெளியிலேர்ந்து கொண்டு வரக்கூடாது. மீனுக்கு அந்தத் தடை இல்ல, ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் விடுவாங்க. எங்க மாமியாரோட நெய் டப்பா ஏர்போர்ட்ல போச்சு, சுறாக் கருவாடு ஜம்முனு வந்து சேந்துது, அடுக்குமாடி முழுக்க மணத்துது.

அந்தக் குளிப்பாட்டற கதையையும் சொல்லிடறேன். அஞ்சாவது நாள் ஹெபாமே தெர்மாமீட்டரோட வந்து 37 டிகிரி பாத்து, இப்படி இடது கையை அக்குள்ல குடுத்துப் பிடிங்க, வாரம் ரெண்டு தடவை போதும்னு காமிச்சாங்க. அவங்க போன பத்தாவது நிமிஷம் கும்பகோணத்துலேர்ந்து மாமியார் வீடியோ கால், "வாரம் ரெண்டு தடவையா, பச்சப்புள்ளையா இல்ல பெட்ஷீட்டா மாப்ள? கீழ உக்காந்து காலை நீட்டிப் போடுங்க, நான் சொல்றேன்." சரின்னு பாத்ரூம் தரையில உக்காந்தேன். 45 வயசுக் காலு நீட்டினா நீளுது, மடக்க வரல. குழந்தையை எண்ணெயோட தூக்கினா மீன் மாதிரி வழுக்குது, போன் வாஷிங் மெஷின் மேல இருந்து "தலையை, தலையை"ன்னு கத்துது, பொண்டாட்டி கதவுல சாஞ்சு தையல் வலியோட சிரிக்கறா, சிரிக்க முடியாம அழறா. அதோட விட்டேனா, சாம்பிராணி போடுங்கன்னாங்க, போட்டேன். இங்க எல்லா வீட்டுலயும் சட்டப்படி புகை அலாரம் இருக்கணும். அது அலறின அலறல்ல மேல் வீட்டு கிழவர் பைஜாமாவோட படியில நின்னார். சாம்பிராணி அதோட நின்னுது, நின்னது நல்லதுதான், அந்தப் புகை பச்சப்புள்ள நெஞ்சுக்கு ஆகாதுன்னு குழந்தை டாக்டரும் சொன்னார். கண்மையும் வேண்டாம், அதுல ஈயம் இருக்கலாம். எண்ணெய் மட்டும் தேச்சுகிட்டே இருந்தோம், அதுக்கு ஹெபாமேவும் ஒண்ணும் சொல்லல. கால்ல போட்டுக் குளிப்பாட்டறதும் ரெண்டு வாரத்துல வந்துடுச்சு, பதினாறாம் நாள் நான் தனியா குளிப்பாட்டினதைப் பாத்து மாமியார் "பரவால்ல"ன்னாங்க. என் சர்வீஸ்ல எந்த அப்ரைசல்லயும் எனக்கு அவ்ளோ பெரிய மார்க் வந்ததில்ல.

கடைசியா பேரு. நீங்க அஞ்சு வருஷத்துக்கு மேல இங்க இருந்து பி.ஆரும் வச்சிருக்கறதால உங்க குழந்தை பொறக்கும்போதே ஜெர்மன் குடியுரிமையோட பொறக்கும், 2024 ஜூன்லேர்ந்து அப்படித்தான். அப்போ இந்திய பாஸ்போர்ட் கிடையாது, ஊருக்குக் கூட்டிட்டுப் போக விசாவோ, வெளிநாட்டுக் குடியுரிமை இருக்கற இந்திய வம்சாவளிக்குக் குடுக்கற ஓ.சி.ஐ. கார்டோ வேணும். அதுக்கு முன்னாடி பிறப்புப் பதிவு ஆபீஸ்ல குடும்பப் பேர் என்னன்னு கேப்பாங்க. நமக்கேது குடும்பப் பேர், இனிஷியல்தான். பாஸ்போர்ட்ல சர்நேம் இடம் காலியா இருந்தா பெரிய பஞ்சாயத்து, இப்போவே ஒரு தடவை போய் கேட்டுடுங்க, கல்யாண சர்டிஃபிகேட்டை சென்னைல இருக்கற ஜெர்மன் துணைத் தூதரகம் மூலமா சரிபாக்கணும்னு சொன்னா அதுக்கு மாசக்கணக்குல ஆகும். என் பாஸ்போர்ட்ல சர்நேம் இடத்துல எங்கப்பா பேர். அதனால என் பொண்ணுக்கு இனிஷியலா என் பேர் வர வேண்டிய இடத்துல தாத்தா பேர் குடும்பப் பேரா உக்காந்துடுச்சு. அவர் அவளைப் பாக்காமயே போயிட்டார். டாக்டர் கிளினிக்ல உள்ள கூப்பிடும்போது அவர் பேரைச் சொல்லிதான் கூப்பிடறாங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி நான் நிமிந்து பாக்கறேன்.

கேள்வி: என் கணவருக்கு 49. குழந்தை பொறந்து மூணு வாரம் ஆச்சு, இன்னும் தூக்க மாட்டேங்கறார், கை நடுங்குதாம். எதுக்கெடுத்தாலும் போன்ல தேடிப் படிச்சுட்டு எனக்கு கிளாஸ் எடுக்கறார். ஆத்திரமா வருது.
(ஒரு வாசகி, ம்யூனிக்)

பதில்: பால் குடுத்துட்டு, கோட்டு மாட்டிகிட்டு, "ஒரு மணி நேரத்துல வரேன்"னு கிளம்பிடுங்கம்மா. போனை சைலன்ட்ல போடுங்க. பேக்கரில உக்காந்து சூடா ஒரு காப்பி குடிங்க. மொதல் தடவை நீங்க திரும்பி வரும்போது வீடு ரெண்டா இருக்கும், மூணாவது தடவை அவர் தோள்ல துணி போட்டுகிட்டு நடந்துகிட்டு இருப்பார். பக்கத்துல நின்னு "அப்படி இல்ல, இப்படி"ன்னு திருத்தினீங்கன்னா இந்த ஜென்மத்துல தூக்க மாட்டார். ஒண்ணு மட்டும், மூணு வாரமாச்சு ஆத்திரம் வருதுங்கறீங்க, அழுகையும் சேந்து வந்து நிக்கலன்னா ஹெபாமேகிட்டயோ டாக்டர்கிட்டயோ வாயைத் திறந்து சொல்லுங்க, அது உங்க குணம் இல்ல, பிரசவத்துக்கு அப்புறம் வர்றது, வைத்தியம் இருக்கு.

கேள்வி: அண்ணே, துபாய்ல ஏ.சி. மெக்கானிக். 43 வயசு, லேட் மேரேஜ். வீட்டுல ராமநாதபுரத்துல இருக்காங்க, ஏழாம் மாசம். ஒரு தடவைதான் லீவு தருவாங்க, வளைகாப்புக்குப் போறதா, பிரசவத்துக்குப் போறதா?
(ஒரு தம்பி, தேரா)

பதில்: ரெண்டுக்கும் வேண்டாம் தம்பி. வளைகாப்புல ஆம்பளைக்கு வேலையே இல்ல, பந்தி பரிமாறத்தான் கூப்பிடுவாங்க. பிரசவத் தேதி சொன்ன நாள்ல வராது, பத்து நாள் லீவு ஆஸ்பத்திரி வாசல்லயே கரைஞ்சு போகும். குழந்தை பொறந்து இருபது நாள் கழிச்சுப் போங்க. அமீரகத்துல தனியார் கம்பெனில அப்பாவுக்கும் சம்பளத்தோட 5 வேலை நாள் உண்டு, குழந்தை பொறந்து 6 மாசத்துக்குள்ள எப்போ வேணும்னாலும் எடுக்கலாம், பிறப்புச் சான்றிதழைக் காமிச்சு அதை உங்க வருஷ லீவோட ஒட்டிக்கங்க. நம்ம ஊர்ல 21 நாளுக்குள்ள பதிஞ்சா காசு கிடையாது, மச்சானைக் கையோட அலைய விடுங்க, உங்க பேர் ஸ்பெல்லிங் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு போட்டோ அனுப்பச் சொல்லிப் பாருங்க. அதுவரைக்கும் வீடியோ கால்ல முகத்தைக் காட்டி காட்டி "பாக்க மாட்டேங்குறானே"ன்னு வருத்தப்படாதீங்க, பச்சப்புள்ளைக்கு ஒரு ஜாண் தூரத்துக்கு மேல தெளிவாத் தெரியாது. பேசுங்க. இப்போவே பேசுங்க, ஏழாம் மாசத்துல வயித்துக்குள்ள காது கேக்கும், போனை வயித்துகிட்ட வைக்கச் சொல்லி ஏ.சி. ரிப்பேர் கதையைச் சொன்னாக்கூடப் போதும்.

கேள்வி: சார், வெளிநாட்டுல உங்களை யாராவது தாத்தான்னு நினைச்சிருக்காங்களா? உண்மையைச் சொல்லணும்!
(பிராங்பர்ட் வாசகர்)

பதில்: நினைக்கறது என்ன, பதிவே ஆயிடுச்சு. ஜெர்மன்ல தாத்தாவுக்கு "ஓபா". என் பொண்ணு கீட்டா வாசல்ல என்னைப் பாத்ததும் தொண்டை கிழிய "அப்பா!"ன்னு கத்துவா. அவங்க காதுல அது ஓபான்னு விழுது, என் தலையைப் பாத்தா சந்தேகமும் வராது. புது டீச்சர் ஒருத்தங்க ரொம்ப அன்பா "ஓபா வந்துட்டார்"னு ரெண்டு வாரம் பையை எடுத்துக் குடுத்துகிட்டு இருந்தாங்க, நானும் ஜெர்மன் இலக்கணம் யோசிச்சுத் திருத்தறதுக்குள்ள கதவு சாத்திடும். குழந்தையைக் கூட்டிட்டுப் போக யாருக்கெல்லாம் அனுமதின்னு அங்க ஒரு லிஸ்ட் இருக்கும், அதுல என் பேருக்குப் பக்கத்துல பென்சில்ல ஓபான்னு எழுதியிருந்தாங்க. போன கோடையில நிஜத் தாத்தா, எங்க மாமனார், விசாவுல வந்திருந்தார், ஒருநாள் நான் போய்க் கூட்டிட்டு வரேன்னு வேட்டி மாத்தி பேண்ட் போட்டுகிட்டு கிளம்பிப் போனார். வாசல்லயே நிறுத்திட்டாங்க. ஓபா ஏற்கெனவே லிஸ்ட்ல இருக்கார், அவர் உங்களை விட கொஞ்சம் உயரம்னு சொன்னாங்களாம்.